கந்தையும் கபரும்: கவிஞர் ஜசீமுத்தீன்

பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருக்கும்போதே தம்முடைய கவிதை பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாடநூலில் இடம்பெறும் பேறு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? வங்காளக் கவிஞர் ஜசீமுத்தீனுக்குக் கிடைத்தது. அவர் கல்கத்தாப் பல்கலைக்கழக மாணவராக இருந்த நாட்களிலேயே மெட்ரிகுலேஷன் வகுப்பின் வங்காளப் பாடநூலில் அவருடைய கவிதையொன்று சேர்க்கப்பட்டுவிட்டது. அதன் தலைப்பு ‘கபர்’. நமக்கு இந்தச் சொல்லை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ஒரு முதியவர் தம் பேரனின் கையைப் பிடித்து மையவாடிக்குக் கூட்டிச்செல்கிறார். இது உன் பாட்டி, இது உன் வாப்பா, இது உன் உம்மா என்று ஒவ்வொரு கபராகக் காட்டிக்கொண்டே போகிறார். கவிதை அவ்வளவுதான். ஆனால் அதைப் படித்த வங்காளப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அழுதிருக்கிறார்கள்.

நான் இவரிடம் கவிதை வழியாக வந்தவள் அல்லள். ஊசி வழியாக வந்தவள். ராத்தாவுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்றதும் உம்மம்மாவிடம் போர்வை தைக்கப் பழகத் தொடங்கினேன். பழைய பருத்திச் சேலைகளை இரண்டு மூன்று மடிப்பாக விரித்து, ஓரங்களில் கனமான எதையாவது வைத்து, பெரிய தையலால் முதலில் பிடித்துக்கொண்டு, பிறகு நெருக்கமாக ஓட்டுத் தையல் போடுவதுதான் வேலை. புதுத்துணி உதவாது. பல தடவை துவைத்து மெத்தென்றான துணிதான் பச்சைக் குழந்தையின் தோலுக்கு ஏற்றது. நைலெக்ஸ் சேலையை உம்மம்மா கிட்டவும் அண்டவிடமாட்டார். இதைத்தான் வங்காளத்தில் ‘காந்தா’ என்கிறார்கள் என்று எமது தமிழ் ஆசிரியை சொன்னார். நம்முடைய ‘கந்தை’யும் அவர்களுடைய ‘காந்தா’வும் உறவுச் சொற்கள். அந்தக் காந்தாவைக் காவியமாக்கிய ஒருவர் இருக்கிறார் என்று சொல்லி அவர் தந்த பெயர்தான் ஜசீமுத்தீன்.

ஜசீமுத்தீன் 1903ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதி, இன்றைய பங்களாதேஷின் பரீத்பூர் மாவட்டத்திலுள்ள தம்புல்கானாவில், தாய்வழி உறவினர் வீட்டில் பிறந்தார். தந்தையின் ஊர் கோவிந்தபூர். தந்தை அன்சாருத்தீன் மொல்லா பாடசாலை ஆசிரியர். ஊரிலேயே பள்ளிப் படிப்பையும் கல்லூரிப் படிப்பின் தொடக்கத்தையும் முடித்துக்கொண்டு கல்கத்தாவுக்குப் போனார். 1929இல் இளங்கலைப் பட்டமும் 1931இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். நகரத்துக்குப் போனவர்களில் பலர் கிராமத்துப் பேச்சைக் கழற்றி வைத்துவிடுவார்கள். இவர் செய்தது நேர் எதிர். பேராசிரியர் தினேஷ் சந்திர சென்னின் கீழ் நாட்டார் இலக்கியம் சேகரிக்கும் பணியில் சேர்ந்து, ஊர் ஊராக நடந்து, படகோட்டிகளிடமும் உழவர்களிடமும் பக்கீர்களிடமும் உட்கார்ந்து பாட்டுக்களை எழுதிக்கொண்டார். அவர் சேகரித்தவை 10,000க்கும் மேல் என்பர். கர்பலாச் சோகத்தைப் பாடும் ஜாரிப் பாட்டுக்களையும் ஞானவழிப்பட்ட முர்ஷிதாப் பாட்டுக்களையும் தொகுத்தவர் அவரே. நம் மலையகத்தில் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் பாடல்களைத் திரட்டித் தந்ததை இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவரை மக்கள் ‘பல்லி கவி’ என்று அழைத்தார்கள். நம் சுவரில் ஊரும் பல்லி அல்ல. அவர்கள் மொழியில் அதற்குக் கிராமம் என்று பொருள்.

1929இல் வெளிவந்தது ‘நக்ஷி காந்தார் மாட்’. சித்திரக் கந்தை விரித்த வயல் என்று தமிழில் சொல்லலாம். ஓவியர் அவனீந்திரநாத் தாகூர் அதற்கு முன்னுரை எழுதினார். 1939இல் ஈ.எம். மில்ஃபோர்ட் ஆங்கிலத்தில் பெயர்த்தார். கதை எளிமையானது. நடுவே ஒரு வயலைக் கொண்ட இரண்டு கிராமங்கள். ஒன்றில் ரூபை என்ற உழவன். மற்றதில் ஷாஜு என்ற பெண். இருவருக்கும் திருமணமாகிறது. பயிர் தொடர்பான சண்டையொன்றில் ரூபை இறங்குகிறான். கொலைப்பழி விழுகிறது, ஊரைவிட்டு ஓடுகிறான். காத்திருக்கும் ஷாஜு பழந்துணியை விரித்து ஊசியை எடுக்கிறாள். தன் வீடு, தன் திருமணம், அவன் விடைபெற்றுப் போன இரவு எல்லாவற்றையும் அதிலே தைக்கிறாள். கடைசியில், தான் இறந்தபின் அந்தக் காந்தாவைத் தன் கபரின் மேல் விரித்துவிடும்படி தாயிடம் கேட்டுக்கொண்டு இறந்துபோகிறாள். வெகுநாட்களுக்குப் பிறகு ஒருநாள், அதே காந்தாவைப் போர்த்தியபடி ஒருவன் அந்தக் கபரடியில் இறந்துகிடப்பதை ஊரார் காண்கிறார்கள். மைமன்சிங் பக்கம் பாட்டுச் சேகரிக்கப் போனபோது கண்ட ஒரு விவசாயியை வைத்தே கவிஞர் ரூபையை உருவாக்கினார் என்று சொல்வார்கள்.

இந்நூலுக்குப் பிறகுதான் சித்திரத் தையலிட்ட போர்வைகளுக்கு ‘நக்ஷி காந்தா’ என்ற பெயர் எங்கும் நிலைத்தது. மழைக்காலத்தில் வயல் வேலை ஓய்ந்திருக்கும்போது வீட்டுக்குள் அமர்ந்து முஸ்லிம் பெண்களும் இந்துப் பெண்களும் தைத்த பொருள் அது. நடுவே தாமரை, மூலைகளில் மரம் என்று வைப்பார்கள். தைக்கும் நூலைக் கடையில் வாங்கமாட்டார்கள். பழைய சேலையின் கரையிலிருந்தே உருவி எடுப்பார்கள். தைத்தவளின் பெயர் பெரும்பாலும் எங்கும் இராது. பெயரில்லாத அந்தக் கைகளைக் காவியத்துக்குள் கொண்டுவந்ததுதான் ஜசீமுத்தீன் செய்த பெரிய காரியம் என்பேன்.

கதையை நான் என் தோழிக்குச் சொன்னேன். அவள் குடும்பம் மீரியபெத்தையைச் சேர்ந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியதை இந்த மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. ஆபத்தான இடம் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்ட நிலம் அது. எடுக்கப்பட்ட உடல்கள் கொஞ்சம். மண்ணுக்குள்ளேயே இருந்துவிட்டவர்கள் பலர். அவளுடைய அம்மாயியும் அவர்களில் ஒருவர். ஆண்டுதோறும் அந்தச் சரிவுக்குப் போகும்போது விளக்கை எந்த இடத்தில் ஏற்றுவது என்று தெரியாமல் அவளுடைய அம்மா நிற்பாராம். ஷாஜுவின் தாய்க்கு விரிக்க ஓர் இடமாவது இருந்தது என்று தோழி சொன்னாள். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

அம்மாயியின் சேலை ஒன்று மட்டும் தப்பியிருக்கிறது. பண்டாரவளையிலுள்ள சித்தியிடம் தொட்டில் கட்டக் கொடுத்திருந்தது அது. தோழியின் அக்காவுக்கு இப்போது பிள்ளை பிறக்கப்போகிறது. அந்தச் சேலையில் ஒரு போர்வை தைத்து அதைச் சரிவில் விரித்துவிட்டு வரவேண்டும் என்பது தோழியின் ஆசை. அவளுடைய அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. மழையில் மக்கிப்போவதற்கா அதை இவ்வளவு காலம் வைத்திருந்தேன், பிள்ளையைப் போர்த்தட்டும் என்றுவிட்டார். இரண்டு நாள் தாயும் மகளும் பேசிக்கொள்ளவில்லை.

கவிஞரின் மீதி வாழ்வைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1933இல் ‘சோஜன் பாதியார் காட்’ வெளிவந்தது. முஸ்லிம் இளைஞனுக்கும் இந்துப் பெண்ணுக்கும் இடையிலான காதலின் கதை அது. 1938இல் டாக்காப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். 1944இல் அதைவிட்டு அரசின் தகவல் திணைக்களத்தில் சேர்ந்து 1962இல் ஓய்வுபெற்றார். 1974இல் பங்களா அகாடமி விருதை ஏற்க மறுத்தார். 1976 மார்ச்சில் டாக்காவில் வபாத்தானார். தலைநகரில் அடக்கப்படவில்லை. கோவிந்தபூருக்குக் கொண்டுபோய், அவருடைய பாட்டியின் கபருக்கு அருகிலேயே அடக்கினார்கள். ‘கபர்’ கவிதையில் முதியவர் முதலில் காட்டுவதும் பாட்டியின் கபரைத்தான். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் அந்த ஊரில் அவர் பெயரால் ஜசீம் மேளா நடக்கிறது.

போர்வை இப்போது எங்கள் வீட்டுத் திண்ணையில் விரித்துக் கிடக்கிறது. உம்மம்மா சேலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, நைந்த துணியை நடு மடிப்பில்தான் வைக்கவேண்டும், மேலே வைத்தால் ஒரு வருடம்கூடத் தாங்காது என்றார். உள்ளே வைத்தால் யாருக்கும் தெரியாதே என்று தோழிக்குக் குறை. அப்போது வங்காளப் பெண்களின் வழக்கம் எனக்கு நினைவுக்கு வந்தது. சேலையின் சிவப்புக் கரையிலிருந்து நூலை உருவினோம். துணி உள்ளே போயிற்று. நூல் மேலே ஓடுகிறது. பழைய நூல் என்பதால் ஒரு முழம் வருமுன் அறுந்துவிடுகிறது. உம்மம்மா மெழுகு தடவித் தடவிக் கொடுக்கிறார். தோழியின் அம்மா சனிக்கிழமைகளில் வந்து ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு தானும் தைக்கிறார். இன்னும் இரண்டு மூலைகள் மீதி இருக்கின்றன. பிள்ளை பிறக்க இரண்டு மாதம் இருக்கிறது.