புதுப்பாளையத்துக்கு வந்த வக்கீல்

என்.எஸ்.எஸ். கேம்ப் போயிருக்கீங்களா? ஏழு நாள். ஏதாவது ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்குவோம், கோயில் பக்கத்துப் புதரை வெட்டுவோம், மரக்கன்று நடுவோம், கடைசி நாள் குரூப் போட்டோ எடுத்துட்டு பஸ் ஏறிடுவோம். இரண்டாம் வருஷம் புதுச்சத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நாங்க நட்ட கன்றுகளை போன மாசம் போய்ப் பார்த்தேன். எத்தனை பிழைச்சிருக்குன்னு மட்டும் கேட்காதீங்க.

திரும்பி வரும்போது மனசு சரியில்லை. அப்போதான் ஒருத்தர் ஞாபகம் வந்தது. புதுச்சத்திரத்திலிருந்து மேற்கே போனால் திருச்செங்கோடு. அதன் பக்கத்தில் புதுப்பாளையம்னு ஒரு ஊர். 1925-இல் அங்கே ஒரு வக்கீல் வந்து தங்கினார். ஏழு நாளைக்கு இல்லை, வருஷக்கணக்காக.

அவர் ராஜாஜி. பாடப் புத்தகத்தில் வருகிற கடைசி கவர்னர் ஜெனரல், கறுப்புக் கண்ணாடி, வழுக்கைத் தலை. நமக்குத் தெரிந்த ராஜாஜி அவ்வளவுதான், இல்லையா? எனக்கும் அப்படித்தான். ஆனால் அந்தப் படத்துக்கு ரொம்ப முன்னாடி இதே சேலம் ஜில்லா மண்ணில் அவருக்கு இன்னொரு வாழ்க்கை இருந்தது.

1878-இல் ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தார். அப்பா கிராம முன்சீப். பெங்களூரிலும் சென்னையிலும் படித்துவிட்டு 1900 வாக்கில் சேலத்துக்கு வக்கீல் தொழில் பார்க்க வந்தார். கிரிமினல் கேஸ்களில் பெரிய பெயர், நல்ல வருமானம். இன்றைய கணக்கில் சொன்னால், டாப் பேக்கேஜ். 1917-இல் சேலம் நகராட்சித் தலைவர் ஆனார். அக்கிரகாரத்துக் குடிநீர்க் குழாயைத் திறந்துவிடும் வேலைக்கு ஒரு தலித் பணியாளரைப் போட்டார். அவருடைய சொந்த சாதிக்காரர்களே கொதித்துப் போனார்கள். உத்தரவை மாற்றவில்லை.

அதற்கு முன்பே மனைவி இறந்துவிட்டார். ஐந்து பிள்ளைகள். மறுமணம் செய்துகொள்ளவில்லை. காந்தியின் ஒத்துழையாமை இயக்கம் வந்தபோது வக்கீல் தொழிலை விட்டார். 1921 டிசம்பரில் வேலூர் சிறைக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தார்.

அப்புறம்தான் புதுப்பாளையம். ரத்தினசபாபதி கவுண்டர் என்ற ஜமீன்தார் நிலம் கொடுத்தார். 1925 பிப்ரவரி 6-இல் காந்தி ஆசிரமம் தொடங்கியது. திறந்து வைத்தது யார் தெரியுமா? ஈ.வெ.ரா. பெரியார்! இரண்டு பேரும் அப்போது ஒரே காங்கிரஸில் இருந்தவர்கள், நெருங்கிய நண்பர்கள்.

46 வயதில், சின்னப் பிள்ளைகள் நரசிம்மனையும் லட்சுமியையும் கூட்டிக்கொண்டு குடிசைக்குக் குடிவந்தார். (அந்த லட்சுமிதான் பின்னாடி காந்தியின் மருமகள்.) அவரை நம்பிப் படித்த இளைஞர்கள் சிலரும் வந்து சேர்ந்தார்கள். நம்ம வயசு, அல்லது கொஞ்சம் கூட. இவர்களுக்கு இந்த வேலையைச் செய்யச் சொல்லி யாரும் ஆர்டர் போடவில்லை.

வந்த நேரம் சரியில்லாத நேரம். மழை பொய்த்திருந்தது. மேட்டாங்காடுகளில் விளைச்சல் இல்லை. நம்ம பக்கத்து வறட்சி எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், ஆற்றுப் பாசனம் கிடையாது, கிணறு வற்றினால் கதை முடிந்தது. ஆசிரமம் பஞ்சு கொடுத்தது. பெண்கள் வீட்டில் ராட்டையில் நூற்று, சிட்டம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எடை பார்த்துக் கூலி. அந்த நூலை நெசவாளர்களிடம் கொடுத்துத் துணியாக்கி விற்றார்கள். கூலி ரொம்பக் கொஞ்சம்தான். ஆனால் வேற வேலையே இல்லாத மாதத்தில் கையில் வரும் காசு அது ஒன்றுதான். கதர் என்றால் நமக்குத் தலைவர்கள் போடும் சட்டை. அந்த ஊர்ப் பெண்களுக்கு அது அடுத்த வேளைச் சோறு. ராட்டையைப் பற்றி நான் இதுவரை கிண்டலாத்தான் பேசியிருக்கேன். இதைப் படிச்சதுக்கு அப்புறம் முடியலை.

ஆசிரமத்தில் ஒரு சின்ன மருத்துவமனையும் நடந்தது. சுற்றுவட்டார மக்கள் காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் அங்கே வந்தார்கள். தலித் மக்கள் பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாத காலம், அவர்களுக்காகக் கிணறுகள் வெட்டக் காசு திரட்டினார்கள்.

இதெல்லாம் எல்லாருக்கும் பிடித்ததா? இல்லை. ஆசிரமத்துக்குள் தலித்துகளும் மற்றவர்களும் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டார்கள். ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. இந்த இடத்தில் நான் ராஜாஜியைவிட ரத்தினசபாபதி கவுண்டரைத்தான் அதிகம் யோசித்தேன். ராஜாஜி வெளியிலிருந்து வந்தவர், முடியாவிட்டால் சேலத்துக்குத் திரும்பிப் போயிடலாம். கவுண்டர் எங்கே போவார்? அவருக்கு அதே ஊர், அதே சொந்தம். இருந்தும் அவர் பின்வாங்கவில்லை. ஆசிரமம் நின்றது.

அடுத்தது கள், சாராயம். நூற்றுச் சம்பாதித்த கூலி சாயங்காலம் கள்ளுக்கடைக்குப் போனால் என்ன பிரயோஜனம்? ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டுப் பேசினார்கள். 1929-இல் ஆசிரமத்திலிருந்தே மதுவிலக்குக்காக ‘விமோசனம்’ என்ற பத்திரிகை வந்தது. அதில் ராஜாஜிக்குத் துணையாக வேலை செய்தவர் கல்கி. ஆமாங்க, நீங்க தியேட்டரில் பார்த்த பொன்னியின் செல்வன் கதையை எழுதினவரேதான்.

1930-இல் வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகம். ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்களோடு கிளம்பி, 240 கிலோமீட்டர் வாக்கில் நடந்தார்கள். நடந்து வருபவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் அறிவித்துவிட்டார். ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் பாருங்க. சோற்றுப் பொட்டலத்தைக் கட்டிச் சாலையோர மரத்தில் தொங்கவிட்டுப் போயிட்டாங்க. யார் கட்டினது என்று எந்தப் போலீஸும் கண்டுபிடிக்க முடியாது. அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஊருக்குச் சோறு தேடிப் போனவரை, இந்தத் தடவை ஊர் சோறு போட்டு நடக்க வைத்தது.

1937-இல் சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். அந்த வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி மதுவிலக்கு வந்தது, முதலில் சேலம் ஜில்லாவில். நாமக்கல் அப்போது அதில்தான் இருந்தது. மது வருமானம் போனதை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி கொண்டுவந்தார். நம்ம ஹோட்டல் பில்லில் வரும் ஜி.எஸ்.டி.க்கு அதைத் தாத்தான்னு சொல்லலாம்.

இவரை முழுக்கப் புகழ்ந்துவிட்டுப் போக எனக்கு மனசில்லை. 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் இவர்தான். 1953-இல் அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பா செய்யும் தொழில் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தவரும் இவர்தான். அதைக் குலக்கல்வி என்று சொல்லிப் பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள். சொந்தக் கட்சியிலும் எதிர்ப்பு. அடுத்த வருஷம் பதவி விலகினார். அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் என்னைப் போல எத்தனை பேர் இந்தக் காலேஜுக்குள் வந்திருப்போம் என்று தெரியவில்லை. புதுப்பாளையத்தில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தவர் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்? கோட்டையில் உட்கார்ந்தபோது எதிரில் அந்த ஊர்க்காரர்கள் யாரும் இல்லை, அதனாலோ என்னவோ. எனக்கு இதுவரை முழுசாப் பிடிபடலை.

1971-இல் தமிழக அரசு மதுவிலக்கைத் தளர்த்த முடிவு செய்தபோது அவருக்கு 92 வயது. முதலமைச்சர் கருணாநிதியை நேரில் போய்ப் பார்த்து, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நடக்கவில்லை. அடுத்த வருஷம் டிசம்பர் 25-இல் இறந்தார்.

இறுதிச் சடங்குக்குப் பெரியார் வந்திருந்தார். அவருக்கு அப்போது 93 வயது. நாற்பத்தேழு வருஷத்துக்கு முன்னாடி புதுப்பாளையத்தில் ஆசிரமத்தைத் திறந்து வைத்தவர், நடுவில் எத்தனையோ மேடைகளில் ராஜாஜியை எதிர்த்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அழுதார்.

ஆசிரமம் இன்னும் இருக்கு. கதர் விற்கிறார்கள். அடுத்த கேம்புக்கு ஊர் தேடும் ஜூனியர்ஸ், ஒரு நாள் திருச்செங்கோடு பஸ் ஏறுங்க. நான் மரக்கன்றுக்குத் தண்ணி ஊத்தப் போறேன், மிச்சம் இருக்கிறதுக்காவது.