என். இராஜகோபால அய்யங்கார்

நீதியரசர் என். இராஜகோபால அய்யங்கார் (பிறப்பு: 1899) இந்தியச் சட்ட அறிஞரும் நீதிபதியும் ஆவார். சென்னை உயர் நீதிமன்றத்திலும் பின்னர் இந்திய உச்ச நீதிமன்றத்திலும் நீதிபதியாகப் பணியாற்றினார். பேட்டன்ட் எனப்படும் காப்புரிமம் குறித்து இவர் 1959 இல் அளித்த அறிக்கையே, 1970 ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமச் சட்டத்துக்கு அடித்தளமாக அமைந்தது.

நீதிப்பணி

அய்யங்கார் 1950களில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தார். வணிகக் குறிச் சட்டத்தைத் திருத்துவது பற்றி 1955 இல் இவர் அளித்த அறிக்கையைத் தழுவி 1958 இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. 1960 சூலை 27 முதல் 1964 திசம்பர் 14 வரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தார். ஓய்வுக்குப் பின்னர் இந்தியப் பத்திரிகை மன்றத்தின் தலைவராகப் பணியாற்றினார்.

கரக் சிங் வழக்கில் (1962) பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் இவரே. காவல்துறையினர் இரவில் வீடு புகுந்து சோதிப்பது செல்லாது என அத்தீர்ப்பு கூறியது. ஆயினும் தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை அன்று என்றும் அது கருதியது. நீதிபதிகள் கே. சுப்பாராவ், ஜே. சி. ஷா ஆகியோர் பெரும்பான்மையிலிருந்து மாறுபட்டனர். தனியுரிமை பற்றிய இக்கருத்தை ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 இல் நீக்கியது.

காப்புரிம அறிக்கை

விடுதலைக்குப் பின்னரும் இந்தியாவில் 1911 ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலச் சட்டமே நடைமுறையில் இருந்தது. பக்சி தேக் சந்த் குழு 1950 இல் அறிக்கை அளித்தது. அதையொட்டி 1953 இல் கொண்டுவரப்பட்ட மசோதா நிறைவேறவில்லை. எனவே 1957 இல் இப்பணி அய்யங்காரிடம் ஒப்படைக்கப்பட்டது.

இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமங்களில் 80 முதல் 90 விழுக்காடு வெளிநாட்டவரிடம் இருந்ததையும், அவற்றுள் மிகப் பெரும்பாலானவை இங்கு உற்பத்திக்குப் பயன்படுத்தப்படாததையும் அவர் சுட்டிக்காட்டினார். எனினும் காப்புரிம முறையையே கைவிடுமாறு அவர் கூறவில்லை. தக்க பாதுகாப்புகளுடன் அதைத் தொடரலாம் என்றார். உணவு, மருந்து ஆகியவற்றில் பொருளுக்கன்றி, அதனைச் செய்யும் முறைக்கு மட்டுமே உரிமை வழங்க வேண்டும் என்பது அவரது முக்கியப் பரிந்துரையாகும். 1970 இல் நிறைவேறிய சட்டம் இதை ஏற்றுக்கொண்டது. அது 1972 ஏப்ரல் 20 அன்று நடைமுறைக்கு வந்தது. வேறு முறைகளில் அதே மருந்தைச் செய்ய இந்திய நிறுவனங்களுக்கு வழி பிறந்ததால் மருந்துகளின் விலை குறைந்தது. உலக வணிக அமைப்பின் உடன்படிக்கைக்கு இணங்க, 2005 இல் மருந்துப் பொருள்களுக்கும் காப்புரிமம் மீண்டும் வந்தது.

பழையவற்றின் சேர்க்கை

முன்பே அறிந்த இரு கருவிகளை இணைத்தால் அது புத்தாக்கமாகுமா என்பது காப்புரிம வழக்குகளில் அடிக்கடி எழும் வினாவாகும். அறியப்பட்ட கருவிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே தத்தம் வழக்கமான வேலையைச் செய்யுமானால், அவற்றை வெறுமனே அடுக்கி வைப்பது புத்தாக்கம் அன்று என 1970 சட்டத்தின் 3 ஆம் பிரிவு கூறுகிறது. துறைப் பயிற்சி உள்ள ஒருவருக்கு எளிதில் புலப்படக்கூடியது என்ற காரணம் காட்டி ஒரு விண்ணப்பத்தை எவரும் எதிர்க்கவும் அச்சட்டம் இடமளிக்கிறது.

எடுத்துக்காட்டாக, பூட்டுக்கும் இரும்புப் பெட்டிக்கும் பெயர் பெற்ற திண்டுக்கல்லில் ஒருவர் தீ தாங்கும் பெட்டியொன்றில் பழைய வகைப் பூட்டைப் பொருத்துகிறார் எனக் கொள்வோம். பெட்டி தீயைத் தடுக்கிறது, பூட்டு திருடனைத் தடுக்கிறது. இரண்டும் தனித்தனி வேலை. எனவே இது புத்தாக்கம் ஆகாது. மாறாக, தீயின் வெப்பத்தையே கொண்டு பூட்டு கதவை மேலும் இறுக்கி மூடுமாறு இரண்டும் ஒன்றையொன்று சார்ந்து இயங்கி, எவரும் எதிர்பாராத பயன் தருமாயின் அது புத்தாக்கமாகக் கருதப்படலாம்.

பாத்திரங்களைக் கடைசல் செய்யும்போது பிடித்துக்கொள்ளும் கருவி பற்றிய பிசுவநாத் பிரசாத் வழக்கில் இக்கேள்வி உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1911 சட்டத்தின் கீழ் எழுந்த அவ்வழக்கில் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி காப்புரிமத்தை நீக்கினார்; மேன்முறையீட்டில் அது மீண்டது. 1978 இல் உச்ச நீதிமன்றம், அது பட்டறையில் செய்யப்படும் சாதாரண மேம்பாடே எனக் கூறி மறுபடியும் நீக்கியது.

பிற்காலம்

புத்தாக்கப் படி என்பதற்கான வரையறை 2002 இல் சட்டத்தில் சேர்க்கப்பட்டு 2005 இல் திருத்தப்பட்டது. காப்புரிம மேன்முறையீடுகளை 2007 முதல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுசார் சொத்து மேன்முறையீட்டு வாரியம் விசாரித்தது. 2021 இல் வாரியம் கலைக்கப்பட்டபின் அவை உயர் நீதிமன்றங்களுக்குத் திரும்பின. சென்னைக் காப்புரிம அலுவலகத்தின் முடிவுகளை எதிர்க்கும் மேன்முறையீடுகள், அய்யங்கார் முன்பு பணியாற்றிய அதே சென்னை உயர் நீதிமன்றத்தில், 2023 இல் தொடங்கிய அறிவுசார் சொத்துரிமைப் பிரிவின் முன் வருகின்றன.