காதுக்குழலுக்கு விலை ஒரு சங்கீதம்!

1823-ம் ஆண்டு. ஆஸ்திரியா நாட்டின் தலைநகரமான வியன்னாவில் இரண்டு பேர் சந்தித்தார்கள். இருவருக்குமே காது கேட்காது!

ஒரு நோட்டுப் புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு, எழுதி எழுதியே பேசினார்கள். வந்தவர் தன் காதுக்கு என்ன செய்யலாம் என்று யோசனை கேட்டார். மற்றவர் பதில் எழுதினார். வைத்திய ஸ்நானம் நல்லது. கிராமத்துக் காற்று நல்லது. ஆனால் காதில் வைத்துக் கேட்கும் குழல்களை மட்டும் சீக்கிரத்தில் தொடவேண்டாம். அவற்றைத் தவிர்த்ததால்தான் தன்னுடைய இடது காது ஓரளவாவது மிஞ்சியிருக்கிறது. முடிந்தவரை எழுதிப் பேசுவதே காதுக்குச் சுகம்.

இந்த யோசனையைச் சொன்னவர் சாதாரண ஆள் அல்ல. உலகமே கொண்டாடும் சங்கீத மேதை பீத்தோவன்தான் அவர்!

அவர் சொன்ன யோசனை சரியா? அதைத் தெரிந்துகொள்ள, அவர் பட்ட பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரகசியம்

பீத்தோவன் 1770-ம் ஆண்டு டிசம்பர் மாதம் ஜெர்மனியில் உள்ள பான் நகரில் பிறந்தார். தகப்பனார் அரண்மனைப் பாடகர். நல்ல குரல், ஆனால் பெரிய குடிகாரர். தாயார் 1787-ம் ஆண்டில் இறந்துவிட்டார். வாலிப வயதிலேயே குடும்ப பாரம் பீத்தோவன் தலையில் விழுந்தது.

1792-ம் ஆண்டு வியன்னாவுக்கு வந்தார். பியானோ வாசிப்பதில் அவருக்கு நிகரானவர் அந்த நகரிலேயே இல்லை என்று சில ஆண்டுகளில் பெயர் வாங்கினார். பிரபுக்கள் வீட்டுக் கதவுகள் திறந்தன.

அந்தச் சமயத்தில்தான் காதில் இரைச்சல் ஆரம்பித்தது. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை!

இரவும் பகலும் காதுக்குள் ஓயாத ஒலி. வாத்தியங்களின் உச்ச ஸ்வரங்கள் காதில் விழவில்லை. நாடகக் கொட்டகையில் மேடைக்கு மிக அருகே சாய்ந்து உட்கார்ந்தால்தான் நடிகர்கள் பேசுவது புரிந்தது. யாராவது மெதுவாகப் பேசினால் சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது. அதே ஆள் உரக்கக் கத்தினாலோ காது வலி தாங்க முடியாது!

சங்கீத வித்வானுக்குக் காது போய்விட்டது என்று ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? போட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். பிழைப்பும் போய்விடும். ஆகவே பீத்தோவன் மனிதர்களைக் கண்டாலே ஒதுங்க ஆரம்பித்தார். கூப்பிட்டும் திரும்பாவிட்டால், ஏதோ ஞாபகமாக இருக்கிறார் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவரும் அப்படியே விட்டுவிட்டார். 1801-ம் ஆண்டில்தான் பழைய சிநேகிதரான ஒரு டாக்டருக்குக் கடிதம் எழுதி, யாரிடமும் சொல்லவேண்டாம் என்ற நிபந்தனையுடன் விஷயத்தை வெளியிட்டார்.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. ஒரு டாக்டர் காதில் பாதாம் எண்ணெய் விடச் சொன்னார். இன்னொருவர் டான்யூப் நதித் தண்ணீரை வெதுவெதுப்பாக்கிக் குளிக்கச் சொன்னார். கைகளில் மரப்பட்டையைக் கட்டிக் கொப்புளம் வரச் செய்தார். கொப்புளம் வந்தது. காது வரவில்லை!

மூன்றாவது டாக்டரின் யோசனைப்படி, 1802-ம் ஆண்டில் நகரத்துச் சந்தடியை விட்டு ஹைலிகன்ஸ்டாட் என்ற கிராமத்தில் போய்த் தங்கினார். ஒருநாள் சீடர் ஒருவருடன் உலாவச் சென்றார். தூரத்தில் ஆட்டு இடையன் ஒருவன் குழல் ஊதினான். சீடர் அதைக் காட்டினார். பீத்தோவன் அரை மணி நேரம் உற்று உற்றுக் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை! பாவம், சீடருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தனக்கும் கேட்கவில்லை என்று சொல்லிப் பார்த்தார். பீத்தோவன் வாய் திறக்காமல் திரும்பி நடந்தார்.

அந்த ஆண்டு அக்டோபரில், தம்பிகளுக்கு என்று உயில் போல ஒரு நீண்ட கடிதம் எழுதினார். உயிரை விட்டுவிடலாம் என்று நினைத்ததையும், இன்னும் எழுதவேண்டிய சங்கீதம்தான் தன்னைத் தடுத்ததையும் அதில் கொட்டினார். ஆனால் அதை யாருக்கும் அனுப்பவில்லை. பெட்டியில் வைத்துப் பூட்டினார். அவர் இறந்த பிறகுதான் அது வெளியே வந்தது.

பணம் போன கதை

காது மந்தமானதால் கச்சேரி வருமானத்தை நம்ப முடியவில்லை. 1809-ம் ஆண்டு மூன்று பெரிய மனிதர்கள் கைகொடுத்தார்கள். இளவரசர் ருடால்ப், லாப்கோவிட்ஸ் பிரபு, கின்ஸ்கி பிரபு ஆகிய மூவரும் சேர்ந்து ஆண்டுக்கு 4,000 புளோரின் மானியம் தர எழுதிக் கொடுத்தார்கள். வியன்னாவை விட்டுப் போகக்கூடாது என்பதே நிபந்தனை.

கவலை தீர்ந்ததா? அதுதான் இல்லை! நெப்போலியனுடன் நடந்த யுத்தங்களால் ஆஸ்திரியாவின் கஜானா காலியாயிற்று. 1811-ம் ஆண்டில் சர்க்கார் நோட்டுகளின் மதிப்பை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டது. லாப்கோவிட்ஸ் பிரபு நொடித்துப் போனார். பணம் வருவது நின்றது. கின்ஸ்கி பிரபு 1812-ம் ஆண்டில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். இளவரசர் ஒருவர்தான் சொன்ன சொல் தவறாமல் கொடுத்தார். பாக்கிக்காக பீத்தோவன் கோர்ட்டு வரை போக வேண்டியிருந்தது. 1815-ம் ஆண்டில்தான் அந்தத் தகராறு தீர்ந்தது.

யந்திர மனிதர்

இப்படிக் கையும் காதும் இறுகியிருந்த சமயத்தில் வந்து சேர்ந்தார் மெல்செல். சாவி கொடுத்தால் தானாகவே ஊதும், முழங்கும் வாத்திய யந்திரம் ஒன்றைச் செய்து ஊரை மயக்கியவர் அவர். கெட்டிக்காரர், வியாபாரி.

பீத்தோவனுக்குக் காதுக்குழல் செய்து தருவதாக மெல்செல் ஏற்றுக்கொண்டார். விலையாக அவர் எதிர்பார்த்தது பணம் அல்ல. தம்முடைய வாத்திய யந்திரத்துக்கு பீத்தோவன் கையால் ஒரு சங்கீதம்!

1813-ம் ஆண்டு ஜூன் மாதம் ஸ்பெயின் நாட்டில் வெல்லிங்டன், நெப்போலியனின் அண்ணன் படையை முறியடித்தார். அதைக் கொண்டாடும் யுத்த சங்கீதம் ஒன்றை பீத்தோவன் எழுதினார். மெல்செலுக்கு உற்சாகம் ஊட்டி, காதுக்குழலைச் சீக்கிரம் வாங்கிவிடவே கூலியில்லாமல் எழுதியதாகப் பின்னால் அவர் தம் வக்கீலிடம் தெரிவித்திருக்கிறார். காது கேட்பதற்காக ஒரு மேதை கொடுத்த விலை அது!

யந்திரத்துக்கு எழுதியதைப் பிறகு பெரிய வாத்தியக் கோஷ்டிக்கும் மாற்றி எழுதினார். அந்த டிசம்பரில், காயம்பட்ட வீரர்களுக்கு நிதி திரட்ட இரண்டு கச்சேரிகள் நடந்தன. கூட்டம் ஆர்ப்பரித்தது. பணம் குவிந்தது.

ஆனால் குழல்கள்? வளைந்த உலோகக் குழாய். ஒரு முனை கரண்டி போலவும் புனல் போலவும் அகன்றிருக்கும். மறு முனை காதுக்குள் நுழையும். அகன்ற வாய் ஒலியைத் திரட்டி, குறுகிய குழாய் வழியே செவிப்பறைக்கு அனுப்பும். அவ்வளவுதான்! ஒலியைச் சிறிது கூட்டுமே தவிர, உச்ச ஸ்வரங்களை இழந்த காதுக்கு அவற்றைத் திருப்பித் தராது. சிலவற்றைக் கையால் பிடிக்கத் தேவையில்லாமல் தலைப் பட்டையுடன் செய்தார்கள். தமக்கு அவை போதிய உபயோகமில்லை என்பது பீத்தோவன் கட்சி.

சிநேகிதம் முறிந்தது. யுத்த சங்கீதம் முழுவதும் தன் சொத்து என்றார் மெல்செல். பீத்தோவனுக்குத் தெரியாமல் வாத்தியப் பிரதிகளைத் திரட்டி, மூனிச் நகருக்குக் கொண்டுபோய் வாசிக்கச் செய்தார். பீத்தோவன் வழக்குப் போட்டார். வருஷக் கணக்கில் இழுத்து, 1817-ம் ஆண்டில் சமாதானமாக முடிந்தது. வக்கீல் செலவை ஆளுக்குப் பாதி பகிர்ந்துகொண்டார்கள்! தாளக் கணக்கைக் காட்டும் மெட்ரோனோம் கருவியை மெல்செல் விற்க ஆரம்பித்தபோது, அதைச் சிபாரிசு செய்தவர்களில் பீத்தோவனும் ஒருவர்.

நோட்டுப் புத்தகம்

இதற்குள் காது மேலும் மோசமாகிவிட்டது. 1814-ம் ஆண்டு ஒரு ஒத்திகையில் பியானோ வாசித்தபோது, உரக்க வாசிக்கும் இடத்தில் தந்திகள் அதிரும்படி அடித்தார். மெதுவாக வாசிக்கும் இடத்தில் விரல் பட்டும் ஒலி எழவில்லை. தாம் என்ன வாசிக்கிறோம் என்பது அவருக்கே தெரியவில்லை! அதோடு பியானோ கச்சேரிகள் ஓய்ந்தன.

லண்டன் பிராட்வுட் கம்பெனியார் 1817-ம் ஆண்டு கடைசியில் ஒரு பியானோவை அன்பளிப்பாகக் கப்பலேற்றினார்கள். கடல் கடந்து, மலை கடந்து, மறு ஆண்டு அது வந்து சேர்ந்தது. ஒலியைத் திரட்டிக் காதுக்குத் திருப்பும்படி, அந்தப் பியானோவின் மேல் உலோகத் தகட்டால் வளைந்த கூரை போன்ற ஒரு சாதனத்தையும் 1820-ம் ஆண்டில் செய்யச் சொன்னார்.

பேச்சுக்கு மட்டும் ஒரு வழி கிடைத்தது. 1818-ம் ஆண்டு முதல் சின்ன நோட்டுப் புத்தகங்கள் அவர் கூடவே இருந்தன. வந்தவர்கள் கேள்வியை எழுதுவார்கள். அவர் வாயால் பதில் சொல்வார். ஆகவே அந்தப் புத்தகங்களில் பெரும்பாலும் மற்றவர்கள் பேச்சுத்தான் இருக்கிறது. சமையல்காரி சம்பளம், மீன் விலை, தம்பி மகன் படிப்பு எல்லாம் இருக்கும். காது கேளாத அந்த மனிதர் வந்த நாளில்தான் பீத்தோவன் பதிலையும் எழுத வேண்டியிருந்தது. அதனால் அந்த யோசனை நமக்குக் கிடைத்தது.

இன்றைய டாக்டர்கள் அதற்கு நேர் எதிராகச் சொல்கிறார்கள். காது மந்தம் என்று தெரிந்தால் தாமதிக்காமல் பரிசோதித்து, பொருத்தமான கருவியை மாட்டிக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். பீத்தோவன் மேல் குற்றமில்லை. மெல்லிய ஒலியைக் கூட்டி, பேரொலியை அளவோடு நிறுத்தும் கருவி இன்று இருக்கிறது. அவருக்குக் கிடைத்தது எல்லா ஒலியையும் ஒன்றாகக் கொண்டுவந்து கொட்டும் குழல். கத்தினால் வலிக்கும் காதுக்கு அது எப்படி ஒத்துக்கொள்ளும்? மின்சாரத்தால் இயங்கும் காதுக் கருவி வருவதற்கு, அவர் இறந்து இன்னும் 70 ஆண்டுகள் ஆக வேண்டியிருந்தது.

1824-ம் ஆண்டு மே 7-ந் தேதி அவருடைய ஒன்பதாவது சிம்பனி அரங்கேறியது. கோஷ்டியை வேறொருவர் நடத்த, பீத்தோவன் பக்கத்தில் நின்று ஏட்டைப் பார்த்துத் தாளம் காட்டினார். ஜனங்கள் கைதட்டினார்கள். அவருக்குக் கேட்கவில்லை. பாடகி கரோலின் உங்கர் அவரைத் தொட்டு ஜனங்கள் பக்கம் திருப்பினார். அசையும் கைகளையும் கைக்குட்டைகளையும் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொண்டார்.

1827-ம் ஆண்டு மார்ச் 26-ந் தேதி பீத்தோவன் காலமானார். மறுநாள் டாக்டர்கள் உடலைச் சோதித்தபோது செவி நரம்புகள் சுருங்கியிருந்தன. காரணம் தெரியவில்லை. 2023-ம் ஆண்டில் அவருடைய தலைமுடியை விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். ஈரலைக் கெடுக்கும் கிருமி இருந்தது தெரிந்தது. காது போன காரணம் அப்போதும் அகப்படவில்லை.

மெல்செல் செய்த குழல்கள் பான் நகரில், பீத்தோவன் பிறந்த வீட்டிலேயே வைக்கப்பட்டிருக்கின்றன. மிஞ்சிய நோட்டுப் புத்தகங்களில் பெரும்பாலானவை பெர்லின் நூல் நிலையத்தில் இருக்கின்றன.