கப்பலின் பெயர் தாங்கிய கவிஞர்

1761ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பாஸ்டன் துறைமுகத்தை வந்தடைந்த அடிமைக் கப்பலின் பெயர் பிலிஸ். அதிலிருந்து இறக்கப்பட்டோருள் முன்பற்கள் விழுந்த மெலிந்த சிறுமி ஒருத்தியும் இருந்தாள். பற்களைப் பார்த்தே அவளுக்கு அகவை ஏழு இருக்கலாம் என மதித்தனர். வணிகர் ஜான் வீட்லி தம் மனைவி சூசன்னாவின் பணிவிடைக்கென அவளை விலைக்கு வாங்கினார். கொணர்ந்த கப்பலின் பெயர் அவளுக்குப் பெயராயிற்று. வாங்கியவரின் பெயர் குடிப்பெயராயிற்று. ஈன்றோர் இட்ட பெயர் யாதென எந்த ஏட்டிலும் இல்லை. அமெரிக்க மண்ணில் வாழ்ந்த ஆப்பிரிக்க மரபினருள் கவிதை நூல் வெளியிட்ட முதல்வராகிய பிலிஸ் வீட்லி பாஸ்டனுக்கு வந்த வரலாறு இது.

அக்குடும்பத்தின் மகள் மேரி சிறுமிக்கு எழுத்தறிவித்தாள். ஓராண்டு சில மாதங்களில் ஆங்கிலமும், பின்னர் இலத்தீனும் அவருக்குக் கைவந்தன. விவிலியமும் அலெக்சாண்டர் போப்பின் ஈரடிச் செய்யுள்களும் அவர்தம் யாப்புக்கு ஆசான்கள். 1767இல் முதற்கவிதை செய்தித்தாளில் அச்சேறியது. 1770இல் சமயச் சொற்பொழிவாளர் ஜார்ஜ் விட்ஃபீல்டு மறைந்தபோது பாடிய இரங்கற்பா கடலின் இருகரையிலும் அவர் பெயரைப் பரப்பியது. கையறுநிலைப் பாடல்களே அவரிடம் மிகுதி. பிறர் வீட்டுச் சாவுக்கு அத்துணை ஆறுதல் கூறியவர், தம்மைப் பெற்றோரின் இழப்பை ஓரிரு இடங்களில் தவிர வெளிப்படப் பாடவில்லை என்பது நினைக்கத்தக்கது.

அவர் வளர்ந்த தெருவே வரலாறு நிகழ்ந்த தெரு. ஏழாண்டுப் போரினால் ஏற்பட்ட கடனை ஈடுகட்ட பிரித்தானிய நாடாளுமன்றம் 1765இல் முத்திரைத்தாள் வரி விதித்தது. தம் உறுப்பினர் எவரும் அமராத மன்றம் தமக்கு வரி விதிக்கலாகாது எனக் குடியேற்ற நாடுகள் மறுத்தன. 1768இல் படைகள் பாஸ்டனில் இறங்கின. 1770 பிப்ரவரியில் சுங்க அலுவலர் ஒருவரால் கொல்லப்பட்ட கிறிஸ்டோபர் ஸ்னைடர் என்னும் சிறுவனுக்கும் பிலிஸ் இரங்கற்பா பாடினார். மார்ச் 5ஆம் நாள், வீட்லியின் இல்லம் இருந்த கிங் தெருவிலேயே படையினர் சுட்டதில் ஐவர் மாண்டனர். முதலில் வீழ்ந்தவர் ஆப்பிரிக்க மரபினரான கிறிஸ்பஸ் அட்டக்ஸ்.

1772இல் தம் கவிதைகளை நூலாக்க முன்பதிவு வேண்டிப் பாஸ்டன் இதழில் விளம்பரம் செய்யப்பட்டது. போதிய பேர் சேரவில்லை. அடிமைப் பெண்ணொருத்தி இவற்றை எழுதியிருக்க இயலுமா என்பதே நகரத்தின் ஐயம். ஆகவே அந்நகரப் பெரியோர் பதினெண்மர் இவை அவளுடையவே எனக் கையொப்பமிட்டனர். அவர்களை ஒரே மண்டபத்தில் அமர்த்திச் சிறுமியைத் தேர்வு செய்ததாகக் கூறப்படும் காட்சிக்குச் சான்று இல்லை. அரங்கேற்றக் கதைகளைப் போல அதுவும் பின்னோர் கற்பனையாகலாம். கையொப்பத்தாள் மட்டும் உண்மை. நம் மரபில் சிறப்புப்பாயிரம் நூலின் பெருமையைச் சாற்றும். இப்பதினெண்மர் பாயிரமோ நூலுக்கு ஆசிரியர் இவரே என்பதை மட்டும் சாற்றியது. அதில் ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனும் ஜான் ஹான்காக்கும் ஒருங்கே இடம்பெறும் வியப்பும் உண்டு. 1774இல் ஹட்சின்சன் இங்கிலாந்து புறப்பட்டுவிட்டார். 1776இல் விடுதலைச் சாற்றுரையில் முதற்கையொப்பம் ஹான்காக்குடையது. வேறு எதிலும் ஒன்றுபடாத இருவர் இத்தாளில் ஒன்றுபட்டனர்.

அச்சு இலண்டனில்தான் வாய்த்தது. 1773இல் வீட்லியின் மகனுடன் பிலிஸ் அங்குச் சென்றார். பெஞ்சமின் ஃபிராங்க்ளினைக் கண்டார். முந்தைய ஆண்டில்தான் மான்ஸ்ஃபீல்டு நீதிபதி, இங்கிலாந்து மண்ணிலிருந்து அடிமையை வலிந்து கப்பலேற்றல் ஆகாது எனத் தீர்த்திருந்தார். அங்கேயே தங்கியிருக்கலாம். ஆனால் சூசன்னா நோயுற்ற செய்தி வர, நூல் வெளிவருமுன்னரே திரும்பினார். அவ்வாண்டே அவருக்கு விடுதலை வழங்கப்பட்டது. இலண்டன் நண்பர்களின் வற்புறுத்தலே அதற்குக் காரணம் என அவரே மடல் ஒன்றில் குறித்துள்ளார். அம்மடலின் மற்றொரு வேண்டுகோள் கவிஞர்க்கு நன்கு விளங்கும்: நியூஹேவன் அச்சகத்தார் தம் நூலை மறுபதிப்புச் செய்யாமல் தடுக்க வேண்டும் என்றும், விற்பனையில் பாதி தமக்கு உரியதென்றும் எழுதினார். நூற்படிகளைச் சுமந்து வந்த டார்ட்மவுத் கப்பலிலேயே தேயிலைப் பெட்டிகளும் இருந்தன. டிசம்பர் 16ஆம் நாள் இரவில் கடலில் கொட்டப்பட்ட தேயிலையின் ஒரு பகுதி அதுவே.

1774இல் சாம்சன் ஆகம் என்னும் தொல்குடிப் போதகர்க்கு அவர் எழுதிய மடல் இதழ்களில் வெளிவந்தது. விடுதலை வேட்கை இறைவன் எல்லா நெஞ்சிலும் இட்டது; அதற்காக முழங்குவோர் பிறரை அடக்கி வைத்திருப்பது எத்துணை முரண் என்பது அதன் சாரம். அவர்தம் செய்யுள்களில் மென்மையாகப் படிந்திருந்த கருத்து இவ்வுரைநடையில் கூர்மையாக வெளிப்பட்டது.

1775 ஏப்ரலில் போர் மூண்டது, பாஸ்டன் முற்றுகைக்குள்ளாயிற்று. பிராவிடன்ஸ் நகரில் அடைக்கலம் புகுந்திருந்த பிலிஸ், அக்டோபரில் படைத்தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பாடல் எழுதி அனுப்பினார். புதிய நாட்டைக் கொலம்பியா என்னும் தெய்வ மகளாக உருவகித்த தொடக்ககாலப் பாடல்களுள் அது ஒன்று. நூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகளைக் கொண்ட பண்ணையின் உரிமையாளரான வாஷிங்டன், 1776 பிப்ரவரியில் நன்றி மடல் வரைந்து, தம் பாசறைக்கு வருமாறு அழைத்தார். ஏப்ரலில் அப்பாடலைப் பென்சில்வேனியா மேகசீன் வெளியிட்டது.

ஆனால் போர் நூலுக்கு உதவவில்லை. சூசன்னா 1774இலும் ஜான் 1778இலும் மறைந்தனர். 1778இல் அவர் ஜான் பீட்டர்ஸ் என்னும் விடுதலை பெற்ற கறுப்பினத்தவரை மணந்தார். 1779இல் முப்பத்துமூன்று கவிதைகளும் பதின்மூன்று மடல்களும் கொண்ட இரண்டாம் தொகுப்பை அறிவித்தார். முன்பதிவு செய்வோர் இல்லை. காங்கிரஸ் அச்சிட்ட தாள்நாணயம் மதிப்பிழந்துகொண்டிருந்த நாள்கள் அவை. வாங்கும் மனம் உடையோர்க்கும் வாங்கும் காசு இருந்ததில்லை. 1781இல் யார்க்டவுனில் பிரித்தானியப் படை சரணடைந்தது. 1783 செப்டம்பரில் பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதனை வாழ்த்தி விடுதலையும் அமைதியும் என்னும் பொருளில் பிலிஸ் பீட்டர்ஸ் என்ற பெயருடன் 1784இல் பாடல் வெளியிட்டார். அவ்வாண்டே மீண்டும் நூலுக்கு முன்பதிவு வேண்டினார். கணவரோ கடன் தொல்லையில் இருந்தார்.

1784 டிசம்பர் 5ஆம் நாள் பிலிஸ் மறைந்தார். அகவை முப்பத்தொன்று இருக்கலாம். அடக்கம் செய்த இடம் அறியப்படவில்லை. அடுத்த ஆண்டே, மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டவர் எனச் சாற்றுரை வரைந்த தாமஸ் ஜெஃபர்சன், வர்ஜீனியா பற்றிய தம் நூலில் அவரைக் கவிஞர் என்றே ஏற்க மறுத்தார். போப்பின் சாயல் அவர் செய்யுளில் மிகுதி என்பது உண்மையே. ஆனால் அக்காலத்து ஆங்கிலம் எழுதியோருள் அச்சாயல் இல்லாதவர் எத்தனை பேர்?

இரண்டாம் தொகுப்பின் ஏட்டுச்சுவடி இன்றளவும் கிடைக்கவில்லை. 1779 விளம்பரத்தில் அச்சான தலைப்புப் பட்டியல் மட்டும் எஞ்சியது. அத்தலைப்புகளுள் ஒன்றான கடல் என்னும் கவிதை, இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாகத் தனித்தாளில் கிடந்து 1998இல் வெளிப்பட்டது.