பத்து வெள்ளிக்கு ஒரு தோட்டம்: துன் சம்பந்தன் கற்றுத் தந்த பங்குப் பாடம்

நெகிரி செம்பிலானில் ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள் என் பாட்டி. அவருடைய தகரப் பெட்டியில் பிறப்புப் பத்திரத்தோடும் திருமணப் படத்தோடும் பழுப்பேறிய தாள் ஒன்று பத்திரமாக இருக்கிறது. தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் என் கொள்ளுத்தாத்தா வாங்கிய பங்குக்கான தாள் அது. போன விடுமுறையில் அதை முதன்முறையாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். அப்போது என் கைப்பேசியில் வேறொரு பங்கு சரிந்துகொண்டிருந்தது.

பகுதி நேர வேலையில் சேர்த்த 1,200 ரிங்கிட்டை வெளிநாட்டு இணைய வணிக நிறுவனம் ஒன்றின் பங்கில் போட்டிருந்தேன். ஐந்து மாதத்தில் 430 ரிங்கிட்தான் மிஞ்சியது. அந்த நிறுவனம் எப்படிப் பணம் சம்பாதிக்கிறது என்று பாட்டி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. எல்லாரும் வாங்கினார்கள், நானும் வாங்கினேன், அவ்வளவுதான். எழுதப் படிக்க அதிகம் தெரியாத என் கொள்ளுத்தாத்தாவுக்கோ, தான் வாங்கிய பங்கு எதற்கு என்று தெளிவாகத் தெரிந்திருந்தது. அந்தத் தெளிவை அவருக்குக் கொடுத்தவர் யார் என்று தேடியபோதுதான் துன் வீ.தி. சம்பந்தனின் வாழ்க்கையை முழுமையாகப் படித்தேன். பாடநூலில் அவர் ஒரு பெயராகவும் படமாகவும் மட்டுமே எனக்கு அறிமுகமாகியிருந்தார்.

ரப்பர் நிலத்தில் பிறந்தவர்

1919 ஜூன் 16ஆம் நாள் பேராக், சுங்கை சிப்புட்டில் திருஞான சம்பந்தன் பிறந்தார். அவருடைய தந்தை வீராசாமி 1896இல் தமிழ்நாட்டிலிருந்து மலாயா வந்து, பின்னர் ரப்பர் நிலங்களுக்கு உரிமையாளர் ஆனவர். கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் படித்த சம்பந்தன், மேற்கல்விக்காகத் தமிழ்நாட்டின் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றார். இந்தியாவில் விடுதலைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. காந்தியின் வழியில் ஈர்க்கப்பட்டு மாணவர் அரசியலிலும் ஈடுபட்டார்.

நாடு திரும்பியவர் குடும்ப நிலங்களைப் பார்த்துக்கொண்டே பொதுவாழ்வில் இறங்கினார். 1954இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளி உருவாக முன்னின்றார். 1955இல் ம.இ.கா.வின் தேசியத் தலைவரானார். அதே ஆண்டு பொதுத்தேர்தலில் வென்று துங்கு அப்துல் ரஹ்மானின் அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சரானார். அதன்பின் சுகாதாரம், பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு, தேசிய ஒற்றுமை எனப் பல பொறுப்புகள் வந்தன. நிலம் வைத்திருந்தவர் என்பதால் ஒரு தோட்டத்தின் கணக்கு அவருக்குப் புரியும். அமைச்சராக இருந்ததால் அந்தக் கணக்கில் ஏமாந்து நிற்பவர்கள் யார் என்பதும் தெரிந்தது.

தோட்டமும் பங்குச் சந்தையும்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நம் தாத்தா பாட்டிகள் பால் வெட்டிய பெரிய தோட்டங்களுள் பல, லண்டன் பங்குச் சந்தையில் பணம் திரட்டிய நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. நெகிரி செம்பிலானில் நிலம் வைத்திருந்த லிங்கி பிளாண்டேஷன்ஸ் அவற்றுள் ஒன்று.

வாகனச் சக்கரங்களுக்கு ரப்பர் தேவை பெருகியதால் 1910 ஏப்ரலில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விலைபோனது. நன்றாகக் காய்த்த சில நிறுவனங்கள் அக்காலத்தில் 200 விழுக்காட்டுக்கும் மேல் லாப ஈவு கொடுத்தன. அதைப் பார்த்த லண்டன் மக்கள் புதிதாக முளைத்த ரப்பர் நிறுவனங்களின் 2 ஷில்லிங் பங்குகளையும் அள்ளி வாங்கினார்கள். ரப்பர் மரம் பால் கொடுக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அந்தப் புதிய நிறுவனங்கள் பலவற்றில் இருந்தவை கன்றுகள்தான். அந்த ஆண்டு முடிவதற்குள் ரப்பர் விலை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. கடைசியாக வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

இந்தச் சூதாட்டத்தில் ஒருவருக்கு மட்டும் இடமே இல்லை. விடியுமுன் பெரட்டுக்கு வந்து, நிரை பிடித்து, மரத்தில் கத்தி வைத்தவர் அவர். விலை ஏறியபோது லாப ஈவு லண்டனுக்குப் போனது. விலை இறங்கியபோது ஆட்குறைப்பு லயத்துக்கு வந்தது.

துண்டாடப்பட்ட தோட்டங்கள்

1950களில் இந்த அநியாயம் இன்னொரு வடிவம் எடுத்தது. நாடு சுதந்திரம் அடைவதை ஒட்டி ஐரோப்பிய உரிமையாளர்கள் சிலர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்களில் பலர் தோட்டம் நடத்த வாங்கவில்லை. மொத்தமாக வாங்கி, சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து விற்றால் உடனே லாபம் கிடைத்தது. பேராசிரியர் உங்கு அசிஸ் இந்தத் துண்டாடலை விரிவாக ஆராய்ந்து அறிக்கை தந்தார்.

தோட்டம் துண்டாடப்பட்டால் தொழிலாளிக்கு வேலை மட்டும் போவதில்லை. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். பிள்ளைகள் படித்த தமிழ்ப்பள்ளியும் ஆட்டம் காணும். இரண்டு தலைமுறை வாழ்ந்த இடத்தில் அவர்களுக்கென்று ஓர் அடி நிலமும் இருக்கவில்லை.

ஓர் அரசியல்வாதி இதைக் கண்டு அறிக்கை விடலாம், கண்டனக் கூட்டம் நடத்தலாம். சம்பந்தன் வேறு ஒன்றை யோசித்தார். தோட்டம் விற்பனைக்கு வருகிறது என்றால், அதைத் தொழிலாளர்களே ஏன் வாங்கக் கூடாது?

பத்து வெள்ளியின் கணக்கு

1960 மே 14ஆம் நாள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. ஒரு பங்கின் விலை 100 வெள்ளி. நாள் கூலியாகச் சில வெள்ளி மட்டுமே பெற்ற தொழிலாளியால் அதை ஒரே தடவையில் கட்ட முடியாது. ஆகவே மாதம் 10 வெள்ளியாகப் பத்து மாதம் கட்டலாம் என்று வழி செய்யப்பட்டது.

சம்பந்தனும், அவருக்குத் துணையாக நின்ற கே.ஆர். சோமசுந்தரம் போன்றோரும் தோட்டம் தோட்டமாகச் சென்று மக்களிடம் பேசினார்கள். தொழிலாளர்கள் உடனே நம்பிவிடவில்லை. பணம் திரும்புமா, பெரிய மனிதர்கள் தின்றுவிடுவார்களா என்ற பயம் இருந்தது. எங்கள் தோட்டத்திலும் அப்படித்தான் என்று பாட்டி சொல்கிறார். மாதச் சம்பளத்தில் 10 வெள்ளி குறைந்தால் கடைக்காரருக்குப் பாக்கி நிற்கும். கொள்ளுத்தாத்தா இரண்டு மாதம் யோசித்த பிறகே பெயர் கொடுத்தாராம். அவர் யோசித்த விஷயம் ஒன்றுதான்: இந்தப் பணத்தால் எதை வாங்குவார்கள்? நிலமும் மரமும் என்று தெரிந்த பிறகு பயம் குறைந்தது. மரம் எவ்வளவு பால் தரும், ஓர் ஏக்கருக்கு என்ன செலவு, வயதான மரத்தை எப்போது அழித்து மறுநடவு செய்ய வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. தனக்குப் புரிந்த தொழிலில்தான் அவர் பணம் போட்டார்.

1961இல் கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்ந்த பணம் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலமாக மாறியது. அதன்பின் வேறு மாநிலங்களிலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோட்டங்கள் சேர்ந்தன. எங்கோ கெடாவில் இருக்கும் மரத்தில் தனக்கும் ஒரு கிளை சொந்தம் என்று ரந்தாவில் பால் வெட்டிய என் கொள்ளுத்தாத்தா சொல்லிக்கொள்ள முடிந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கூட்டுறவுப் பங்கும் பங்குச் சந்தைப் பங்கும் ஒன்றல்ல. கூட்டுறவில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்குதான். அந்தப் பங்கின் விலை காலையில் ஏறி மாலையில் இறங்காது. ஆகவே விரைவில் பணக்காரர் ஆகும் ஆசையும் அங்கே இல்லை. ஆனால் அடிப்படை ஒன்றே. பங்கு என்பது ஓடும் ஓர் எண் அல்ல, ஒரு தொழிலின் ஒரு துண்டு.

இணைய நிறுவனத்துக்கும் அதே கேள்விகள்

1910இன் ரப்பர் கதை 90 ஆண்டுகளுக்குப் பிறகு இணையத்தில் திரும்ப நடந்தது. பெயரில் டாட்காம் இருந்தாலே போதும், பங்கு பறந்தது. அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு 2000 மார்ச் 10ஆம் நாள் 5,048 புள்ளியைத் தொட்டு, 2002 அக்டோபரில் 1,114க்கு விழுந்தது. பழைய உச்சத்தைத் தாண்ட 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமேசான் நல்ல நிறுவனம்தான். ஆனால் 1999 இறுதியில் 100 டாலருக்கு மேல் கொடுத்து அதை வாங்கியவர், 2001இல் அது 6 டாலருக்கும் கீழே கிடந்ததைப் பார்த்தார். போட்ட பணத்தைத் திரும்பக் காண அவருக்குச் சுமார் பத்தாண்டு ஆனது. மரம் நல்ல மரமாக இருந்தாலும், கொடுத்த விலை அதிகமென்றால் நட்டம்தான்.

கொள்ளுத்தாத்தாவின் கணக்கை இப்போது நான் இணைய நிறுவனத்துக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

முதலில், பால் எங்கிருந்து வருகிறது? பயனர்கள் கோடிக்கணக்கில் இருக்கலாம். அவர்கள் வெறும் மரங்கள். விளம்பரம், சந்தா, விற்பனைக் கழிவு என்று எதன் வழியாகப் பணம் வருகிறது என்பதே கேள்வி.

இரண்டாவது, ஒரு வாளி பாலுக்கு என்ன செலவு? தள்ளுபடியும் இலவச விநியோகமும் கொடுத்து ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 50 ரிங்கிட் செலவாகி, அவரால் 30 ரிங்கிட்தான் வருமென்றால், வாடிக்கையாளர் பெருகப் பெருக நட்டமும் பெருகும்.

மூன்றாவது, கன்று மரமாகும் வரை கையில் காசு இருக்கிறதா? லாபம் வராத இளம் நிறுவனம் கெட்ட நிறுவனம் என்று சொல்ல முடியாது. ஆனால் கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்று ஆண்டறிக்கையில் பார்த்தாக வேண்டும்.

நான்காவது, முழுத் தோட்டத்தின் விலை என்ன? ஒரு பங்கு 2 ரிங்கிட் என்றால் மலிவாகத் தெரியும். 50 கோடி பங்குகள் இருந்தால் நிறுவனத்தின் மொத்த விலை 100 கோடி ரிங்கிட். ஆண்டு லாபம் 2 கோடி என்றால், லாபம் வளராமல் இருந்தால் போட்ட பணத்தை ஈட்ட 50 ஆண்டு ஆகும். அந்த வளர்ச்சி உண்மையில் வருமா என்று யோசித்த பிறகே வாங்க வேண்டும். 1910இல் 2 ஷில்லிங் பங்கு வாங்கியவர்கள் போடாத கணக்கு இது.

கடைசியாக, நடத்துகிறவர் யார்? இந்தக் கேள்விக்குத்தான் சம்பந்தனின் வாழ்க்கை நேரடியான பதில். அவர் 1973இல் ம.இ.கா. தலைமையிலிருந்தும், 1974இல் அமைச்சரவையிலிருந்தும் விலகினார். சங்கத்தை விடவில்லை. 1979 மே 18ஆம் நாள் மறையும்வரை அதை வழிநடத்தினார். அரசியலுக்கு வந்து சொத்துச் சேர்ப்பவர்கள் உண்டு. அவரோ தந்தை விட்டுச் சென்ற நிலத்தில் ஒரு பகுதியை விற்றே பொதுவாழ்வு நடத்தினார். அடுத்தவர் பணத்தைக் கையில் வைத்திருப்பவரிடம் நாம் பார்க்க வேண்டிய முதல் குணம் இதுதான். இணைய நிறுவனமென்றால், நிறுவனர் தம் பங்குகளை வைத்திருக்கிறாரா, அல்லது விலை ஏறியதும் விற்றுவிட்டு நகர்கிறாரா என்று பார்க்கலாம். அது பொது அறிக்கைகளிலேயே இருக்கும்.

பெட்டியில் இருக்கும் தாள்

இன்று கோலாலம்பூரில் விஸ்மா துன் சம்பந்தன் நிற்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் அவர் பெயரில் சாலை இருக்கிறது. ரந்தாவ் பக்கம் எங்கள் தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்களில் பாதி இல்லை. பாட்டி தாமானில் என் பெற்றோரோடு இருக்கிறார். தகரப் பெட்டியும் அவரோடு வந்துவிட்டது.

என் 430 ரிங்கிட்டை நான் இன்னும் எடுக்கவில்லை. அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையை இறக்கி, மேலே சொன்ன ஐந்து கேள்விகளுக்கும் பதில் எழுதிப் பார்த்தேன். முதல் இரண்டுக்கு மட்டுமே பதில் கிடைத்தது. இரண்டாவது பதில் நன்றாக இல்லை. அடுத்த மாதம் விற்றுவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். விற்பதற்கு முன், பாட்டி கேட்ட கேள்விக்கு அவருக்குப் புரியும்படி பதில் சொல்லிவிட வேண்டும்.