லெவ் குலெஷோவ் (1899 – 1970)

திரைப்படம் பொழுதுபோக்கு மட்டுமன்று, முறையாகக் கற்கவும் கற்பிக்கவும் கூடிய ஒரு கலை என்பதை நிலைநாட்டியவர்களுள் லெவ் குலெஷோவ் முதன்மையானவர்.

பிறப்பும் இளமையும்
இவர் 1899ஆம் ஆண்டு ரஷ்யாவின் தம்போவ் நகரில் பிறந்தார். மொஸ்கோவில் ஓவியம் பயின்றார். 1916இல், தமது பதினேழாவது வயதில், திரைப்பட நிறுவனமொன்றில் காட்சியமைப்பாளராகச் சேர்ந்தார். 1918இல் தமது முதற் படத்தை இயக்கினார்.

ஆசிரியப் பணி
1919இல் மொஸ்கோவில் உலகின் முதலாவது திரைப்படக் கல்லூரி ஆரம்பிக்கப்பட்டது. குலெஷோவ் இளவயதிலேயே அங்கு ஆசிரியரானார். அது உள்நாட்டுப் போர்க்காலம். பிலிம் சுருளுக்குப் பெருந் தட்டுப்பாடு நிலவியது. எனினும் கற்பித்தல் நிற்கவில்லை. ஒரு படத்தைத் துண்டு துண்டாகத் திட்டமிட்டு, அதனை மேடையில் நடித்துக் காட்டும் பயிற்சியை இவர் மாணவருக்கு அளித்தார். பழைய படங்களின் துண்டுகளை வெட்டி ஒட்டியும் ஆராய்ந்தார்.

குலெஷோவ் விளைவு
நடிகர் மொசூகினின் உணர்ச்சி காட்டாத முகத்தை ஒரு கோப்பை சூப், சவப்பெட்டி, விளையாடும் குழந்தை ஆகிய காட்சிகளுடன் இவர் தனித்தனியே இணைத்தார். முகம் ஒன்றே. ஆயினும், பார்த்தவர்கள் அதில் முறையே ஆழ்ந்த சிந்தனை, துயரம், மகிழ்ச்சி ஆகியவற்றைக் கண்டதாக இவரது மாணவர் புடோவ்கின் பதிவுசெய்துள்ளார். ஒரு காட்சியின் பொருள் அதனை அடுத்துவரும் காட்சியாலும் உருவாகின்றது என்பதே இதன் முடிவாகும். படத்தொகுப்புக் கல்வியின் அடிப்படைப் பாடமாக இது இன்றும் விளங்குகின்றது.

பிற்காலம்
1926இல் மிகக் குறைந்த செலவில் ‘சட்டப்படி’ என்னும் படத்தை எடுத்தார். 1930களில் வடிவவாதி என அரச தரப்பினரால் கண்டிக்கப்பட்டார். படம் இயக்கும் வாய்ப்புகள் அருகின. ஆயினும் வகுப்பறையைக் கைவிடவில்லை. 1941இல் திரைப்பட இயக்கம் பற்றிய பாடநூலை வெளியிட்டார். 1944இல் அதே கல்லூரியின் தலைவரானார். 1970இல் மொஸ்கோவில் காலமானார்.

மதிப்பீடு
புடோவ்கின், பார்னெட் ஆகியோர் இவரது மாணவர்கள். ஐசன்ஸ்டீனும் சில மாதங்கள் இவரிடம் பயின்றார். இவர் இயக்கிய படங்களைவிட இவர் கற்பித்த பாடமே உலகெங்கும் பரவியது எனலாம். கருவி இல்லை, வசதி இல்லை எனத் தயங்கும் மாணவருக்கு, பிலிம் இன்றியே திரைப்படம் கற்பித்த இவரது வாழ்க்கை நல்ல முன்மாதிரியாகும்.

பயிற்சி வினாக்கள்
1. பிலிம் தட்டுப்பாட்டைக் குலெஷோவ் எவ்வாறு எதிர்கொண்டார்?
2. ‘குலெஷோவ் விளைவு’ என்பதை உதாரணத்துடன் விளக்குக.