நஞ்சையிலும் பிள்ளைகளுக்குப் பங்கு: காயிதே மில்லத் காலத்துச் சட்டம்

கண்ணியமிகு காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் 1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலி பேட்டையில் பிறந்தார். மவ்லவியான தந்தை சிறுவயதிலேயே மறைய, தாயார்தான் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்து வளர்த்தார். யத்தீம் பிள்ளையின் நிலையை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பெற்றவர் மவ்த்தானால் மகனுக்கும் மகளுக்கும், கருவிலிருக்கும் சிசுவுக்கும்கூடப் பங்குண்டு என்பது அல்லாஹ்வின் சட்டம். அதைக் கோர்ட்டில் கேட்டுப் பெற நாட்டுச் சட்டமும் வேண்டுமே! 1937-இன் ஷரீஅத் சட்டம் ஊர் வழக்கத்தைத் தள்ளி அந்த உரிமையைத் தந்தது. ஆனால் விவசாய நிலம் மாகாணங்களின் அதிகாரம் என்பதால் அதை மட்டும் விட்டுவிட்டது. தாமிரபரணிக் கரையில் சொத்து என்றாலே நஞ்சைதானே?

1948 நவம்பர் 23 அன்று அரசியல் நிர்ணய சபையில் தனியார் சட்டத்தைக் காக்க அவர் கொண்டுவந்த திருத்தம் ஏற்கப்படவில்லை. சென்னையில் நிலைமை வேறு. அங்கே 1946 முதல் 1952 வரை அவர் எதிர்க்கட்சித் தலைவர். அந்த ஆண்டுகளில்தான், 1949-இல், சென்னைத் திருத்தச் சட்டம் விவசாய நிலத்தையும் ஷரீஅத்துக்குள் கொண்டுவந்தது.

அவர் 1972 ஏப்ரல் 5 அன்று வஃபாத்தானார். சட்டம் இன்றும் இருக்கிறது. தங்கைமாரிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வீடுகளும் நம்மிடையே இருக்கின்றன. மைனர் பிள்ளையின் நிலத்தையோ, கோர்ட் நியமிக்காத சித்தப்பா தன் இஷ்டத்துக்கு விற்றால் அது செல்லாது.